நீ காத்திருந்த இரண்டு விநாடி

அப்பு,

போன வியாழக்கிழமை திண்டுக்கல் ஸ்டேஷனில், ரயில் கிளம்புகிற நேரத்தில் உன்னிடம் நான் சொன்னது பொய். அதைத் திரும்ப வாங்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "சரி விடும்மா" என்பாய், அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்தவள் நான், கடைசிப் பதினைந்து வருஷம் ஏட்டு. எழுதிக் கொடுத்ததுதான் நிற்கும், வாயால் சொன்னது காற்றோடு போகும் என்று எனக்குத் தெரியாதா? நீ படி, வினோதாவும் படிக்கட்டும். எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து மாத இதழிலும் இதை அப்படியே போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறாய் என்று கோபப்படாதே. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மற்றவர்களும் படிக்கப்போவதால் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கடற்படையில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சந்தேகப்படும்படி வருகிற படகுகளையும் கப்பல்களையும் நடுக்கடலில் நிறுத்தி, அவற்றில் ஏறிச் சோதனை போடுகிற அணியில் நான்கு வருஷமாக இருக்கிறாய். இப்போது உன் முன்னால் இரண்டு வழி. அடுத்த நீண்ட பயணத்தில் அந்த அணியின் ஏழு பேருக்கும் முன்னால் முதல் ஆளாக நீயே ஏறுவது ஒன்று. கொச்சியில் கரையிலேயே இருந்துகொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. எது வேண்டும் என்று உன்னையே கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என் மருமகள் வினோதாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். எனக்கு அறுபத்து மூன்று வயது, சர்க்கரை, உன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ ஒரே பிள்ளை. நான் எந்தப் பக்கம் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் பிறந்தவன் நீ. "கடல எங்கடி பாத்தான் ஒம்மவன்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நானும் சிரித்து மழுப்புவேன். உண்மையில் உன் வேலை என்னவென்று இந்த லீவில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் "செக்கிங் போவோம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். இந்த முறை அந்தப் பேச்சு வெளியே வந்தது நான் ஒளித்து வைத்த மைசூர்பாகினால். டாக்டர் வேண்டாம் என்றதை வினோதாவுக்குத் தெரியாமல் வாங்கி, சமையலறை மர அலமாரியின் பின்பலகைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன். நீ வந்து நின்றாய். அலமாரியை வெளியே சாண் போட்டாய், உள்ளே சாண் போட்டாய். "வெளிய மூணு சாண் ஆழம், உள்ள ரெண்டுதான் இருக்கு. மிச்சம் ஒரு சாண் எங்கம்மா போச்சு?" என்றாய். பலகையைத் தட்டினாய். டப்பா வெளியே வந்தது. வினோதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அத்தை, நீங்கல்லாம் எப்படித்தான் திருடனப் பிடிச்சீங்களோ" என்றாள். படகிலும் இப்படித்தான், டீசல் தொட்டியை வெளியே அளந்து உள்ளே அளந்து, குறைகிற இடத்தில்தான் கள்ளச் சுவர் இருக்கும் என்று நீ விளக்கினாய். எனக்கு மானமும் போனது, மைசூர்பாகும் போனது.

அதிலிருந்து தினமும் சாப்பிட உட்காரும்போது உன் வேலையைப் பற்றியே பேச்சாகிவிட்டது. முதலில் ரேடியோவில் கூப்பிடுவீர்களாம். பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, எங்கிருந்து எங்கே போகிறாய், என்ன சரக்கு, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்பீர்களாம். வேகத்தைக் குறைக்கச் சொல்லி, எல்லாரையும் மேல்தளத்தில் முன்பக்கமாக வந்து கை தெரிகிற மாதிரி உட்காரச் சொல்வீர்களாம். உங்கள் கப்பல் தள்ளி நின்று துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ரப்பர் படகில் ஒட்டிப் போய், நீளக் கம்பால் கொக்கியை மேலே மாட்டி, அதில் தொங்குகிற கம்பி ஏணியில் ஏறுவீர்கள். அலை படகைத் தூக்கும்போது ஏணியில் கால் வைக்க வேண்டும். தாழும்போது வைத்தால் அடுத்த அலையில் படகே மேலே வந்து காலை நசுக்கிவிடும். ஏறியதும் ஒருவர் சுக்கான் பிடிக்கும் அறைக்கு, ஒருவர் தாள்களைப் பார்க்க, சிலர் ஆட்களைக் காவல் காக்க, மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகக் கீழே இறங்கி அறை அறையாகத் தேட. காற்றில்லாத அறைக்குள் கருவி வைத்துப் பார்க்காமல் தலையை நீட்டக் கூடாது. இதையெல்லாம் நீ தோசையை விண்டுகொண்டே சொன்னாய். வினோதா கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நீ எஞ்சின் அறைவரை போய்விட்டாய், நான் அந்த ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

குண்டு துளைக்காத சட்டை, மிதவைச் சட்டை, துப்பாக்கி, ரேடியோ எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் என்று சொன்னாய் அல்லவா? மறுநாள் நீயும் வினோதாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். தண்ணீர்க் கேனைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்தேன். நாலு படி. ஐந்தாவது படிக்குக் கையை மாற்ற முடியவில்லை. அந்த ஏணி சுவரோடு சிமென்ட் வைத்துப் பூசியது, அசையவே அசையாது. அப்படியும் எனக்கு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிடித்து இறக்கினார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். அன்றிலிருந்து நீ எங்கே எழுந்து நின்றாலும் உன் கையைத்தான் பார்த்தேன், பிடி சரியாக இருக்கிறதா என்று. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இதெல்லாம் எந்தத் தாய்க்கும் உள்ள பயம். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன கதையில்தான் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. கறிக்குழம்பு வைத்திருந்தேன். வினோதாவுக்கு வாசனை ஆகாமல் உள்ளே போய்ப் படுத்திருந்தாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். ஒரு பெரிய மரப்படகு. "பேரு லிஸ்டுல பன்னெண்டு இருக்கும்மா. மேல உக்காந்திருக்கது பதினொன்னு. ரெண்டு தடவ எண்ணிட்டோம்." படகுத் தலைவரைக் கேட்டால் கீழே கையைக் காட்டி என்னவோ சொல்கிறார், அந்தப் பாஷை யாருக்கும் பிடிபடவில்லை. பன்னிரண்டாவது ஆளைத் தேடி நீயும் இன்னொருவனும் இறங்கினீர்கள். நீ முன்னால், அவன் பின்னால். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வயசான ஒருத்தர் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருக்கிறார். அவர் கை போர்வைக்குள் இடுப்பில் இருக்கிறது. கையைக் காட்டு என்று கத்தினாய். காட்டவில்லை. இந்தியிலும் கத்தினாய். கை உள்ளே அசைகிறது, எதையோ உருவுகிறது. உன் விரல் துப்பாக்கியின் விசையில். அந்த இடத்தில் பேச்சை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தாய்.

"ரெண்டு செகண்டு இருக்கும்மா. காத்துட்டேன். வெளிய வந்தது ஒரு பிளாஸ்டிக் கவரு. உள்ள அவரு பாஸ்போர்ட்டு. காச்சல்ல கெடந்த மனுசன், சமையக்காரரு. நாங்க கேப்போம்னு அவரே எடுத்து நீட்டுறாரு." சொல்லிவிட்டு நீ சிரித்தாய், ஆனால் சிரிப்பு சரியில்லை. திரும்பி வந்து ரப்பர் படகில் உட்கார்ந்ததும் உன் கூட்டாளி சொன்னானாம்: "நீ காத்தது தப்பு. அது கத்தியா இருந்தா நீ இல்ல, ஒம் பின்னாடி நின்ன நானும் இல்ல." அதிலிருந்து உனக்குச் சந்தேகம். இந்த வேலைக்கு நீ சரியான ஆள்தானா? உன்னை நம்பி ஏழு பேரை ஏற்றலாமா? வேறு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை, நீயாகத்தான் குடைந்துகொண்டிருக்கிறாய். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். "நீ போலீசுதானம்மா. அந்த எடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"ரசம் ஆறிப்போச்சு, சுட வச்சு எடுத்தாரேன்" என்று எழுந்து போனேன். அடுப்பைப் பற்ற வைக்காமலேயே செத்த நேரம் நின்றேன். ரசம் சூடாகத்தான் இருந்தது, அப்பு.

நாலு நாள் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. வியாழக்கிழமை ஸ்டேஷனில் நீ பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, இனிமேல் சமயம் கிடைக்காது என்று தோன்றியது. உன்னைக் கரையில் நிறுத்த எனக்கு ஒரே ஒரு கயிறுதான் கையில் இருந்தது, உன் சந்தேகம். அதைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் பய சொன்னதுல நாயம் இருக்கு அப்பு. அந்த எடத்துல காத்துக்கிட்டு நிக்கிறவன் அந்த வேலைக்கு ஆக மாட்டான். பேசாம கரையில இரு" என்றேன். போலீஸ் குரலிலேயே சொன்னேன், நீ நம்ப வேண்டும் என்று. உன் முகம் விழுந்துவிட்டது. "சரிம்மா. வாரேன்" என்று மட்டும் சொன்னாய். ரயில் நகர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. இதை எழுதத்தான் இப்போது கை கூசுகிறது. பெற்ற பிள்ளையின் முகம் அப்படி விழுந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீ கேட்டதற்கு உண்மையான பதிலை இப்போது சொல்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். நான் காத்திருக்கவில்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம். கஞ்சா கடத்துகிற பெண் ஒருத்தி பஸ்ஸில் வருகிறாள் என்று தகவல் வந்து, திருச்சி ரோட்டில் வடமதுரைக்கு இந்தப் பக்கம் பஸ்களை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்களைச் சோதிக்க நான் ஒருத்திதான். அதற்கு முந்தின வாரம் எங்களில் ஒருத்தியை ஒரு பெண் இடுப்பிலிருந்து பாதி பிளேடை உருவி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறியிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோதனை என்றாலே எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. பொம்பளைப் போலீஸ் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அன்று வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "மடியில கனமில்ல, வழியில எனக்கென்னா பயம், நல்லாப் பாருங்க" என்று சிரித்தாள். சோதனையில் தினம் நாலு பேராவது அந்தப் பழமொழியைச் சொல்வார்கள். நாங்களும் அதை நம்பித்தான் வேலை பார்த்தோம். பயப்படுகிறவள் எதையோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அவளுக்கு அடுத்து வந்தவள் பயந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். பூ மார்க்கெட்டிலிருந்து ஈரச் சாக்கில் பூ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவள். சாக்கை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தாள். நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் அவள் கை சேலை மடிப்புக்குள், இடுப்புக்குப் போனது. "கைய எடு" என்று கத்தினேன். கத்தியதில் மிரண்டு கையை இன்னும் உள்ளே விட்டாள். லத்தியால் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் அப்படியே குந்திவிட்டாள். கீழே விழுந்தது ஒரு சுருக்குப்பை. "டிக்கெட்டும்மா. டிக்கெட்டுத்தாம்மா எடுத்தேன்" என்றாள். பஸ்ஸை நிறுத்தினால் டிக்கெட்டைக் கேட்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். நம் பக்கத்துப் பெண்கள் டிக்கெட்டையும் சாவியையும் இடுப்பில்தான் செருகுவார்கள். சீருடை இல்லாத நாளில் நானும் அங்கேதான் செருகுவேன். இது தெரியாதவளா நான்? தெரியும். பயத்தில் அந்த நேரம் தெரியவில்லை.

நானே ஆட்டோ வைத்து அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டபோது அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "பஸ்ல இருந்து எறங்கும்போது விழுந்துட்டா சார்" என்றேன். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததிலும் அதையே எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, அன்றும் அழகாகத்தான் எழுதினேன். வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டபோது கரண்டி தட்டில் மோதிக் கடகடவென்று ஆடியது. "ஏம்மா கை நடுங்குது?" என்று கேட்டாய். மாத்திரை போடவில்லை, பி.பி. என்றேன். நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மெடிக்கலுக்கு ஓடினாய். என்ன மாத்திரை என்று கூட உனக்குத் தெரியாது. அப்போது எனக்கு பி.பி.யே கிடையாது. உன் அப்பாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் காளியம்மாள். வடமதுரை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து பூக் கட்டி விற்கிறார். இத்தனை வருஷமும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் எதிர்ப்பக்கச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நீ போன பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் வடமதுரையில் இறங்கினேன். அவர் வலது மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்திருக்கிறது. வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இடது கையால் பூவை வைத்து, அந்த வளைந்த கையால் சும்மா அணைத்துக் கொடுத்துக் கட்டுகிறார். இரண்டு முழம் கேட்டேன். வாங்கிய பிறகும் அங்கேயே நின்றேன்.

"இன்னும் வேணுமாம்மா?"

"என்னயத் தெரியுதா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கட்டுவது நிற்கவில்லை. "ஏட்டம்மாதான. காக்கி போடலன்னா தெரியாமப் போவுமா? ஒக்காருங்க, வெயிலு."

உட்கார்ந்தேன். அவரே பேசினார். "அன்னைக்கி ஒங்களுக்குப் பயம். ஒங்க மூஞ்சியில பாத்தேன்ல. என்னய விட நீங்கதான் நடுங்கிக்கிட்டு நின்னீக. அடிச்சத நான் எப்பவோ விட்டுட்டேன்."

"அப்ப எத விடல?"

"விழுந்துட்டான்னு எழுதுனீகள்ல, அத. எங்க வீட்டு மனுசனே நம்பல. பராக்குப் பாத்துக்கிட்டு விழுந்துட்டு போலீசு மேல பழியப் போடுறான்னு இன்னைக்கி வரைக்கும் சொல்லுறாரு. எம் மாமியா சாகுற மட்டும் அதத்தான் சொல்லுச்சு. கையி ஒடிஞ்சது கூடப் பெருசில்லம்மா. பொய்க்காரின்னு பேரு வந்துருச்சுல்ல."

கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். ரோடு என்று கூடப் பார்க்காமல் அழுதேன். காளியம்மாள் பூவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மன்னிப்பு கெடக்கட்டும். எழுதத் தெரிஞ்சவுகதான நீங்க? இன்னொருக்க எழுதுங்க. இந்தத் தடவ நடந்தத எழுதுங்க. எங்க வீட்டாளு படிக்கிற மாதிரி அச்சுல வரட்டும்."

ஆகவே ஊரறிய எழுதுகிறேன். வடமதுரை காளியம்மாள் பஸ்ஸிலிருந்து தவறி விழவில்லை. அவர் மணிக்கட்டை லத்தியால் அடித்து ஒடித்தது நான். அவர் வீட்டில் சொன்னது முழுக்க உண்மை, நான் எழுதிக் கொடுத்தது முழுக்கப் பொய். சங்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். யாராவது கூப்பிட்டு விசாரித்தால் போய் நின்று இதையே சொல்வேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தச் சமையல்காரரை நினைத்துக்கொண்டு வந்தேன். முகம் தெரியாது, பாஷை தெரியாது, எந்த ஊர் என்று நீயும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டிருக்கும். இந்நேரம் எங்கோ ஒரு படகில் பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் யாரும் அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், கேள்விப்பட ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைச் செய்தது நீ. எனக்குப் பதினாறு வருஷமாக ஒரு கை கண்ணிலேயே நிற்கிறது, அப்பு. உனக்கு அப்படி எதுவும் நிற்கவில்லை. அதைப் போய் நான் தப்பு என்று சொன்னேன்.

உன் கூட்டாளி சொன்னதும் பொய்யில்லை. அது கத்தியாக இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை, நானும் இல்லை. அவன் வீட்டிலும் ஒரு அம்மா ஏணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது கூடாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஸ்டேஷனில் பேசியதுதான் என் தப்பு. ஆனால் அடித்தவள் என்கிற முறையில் எனக்குத் தெரிந்த சில விஷயங்கள் இருக்கின்றன, அதை மட்டும் வைத்துக்கொள். கையைக் காட்டச் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்லாதே, உன் கையைத் தூக்கியும் காட்டு. கத்தினால் மிரண்டவர்கள் கையை இன்னும் உள்ளேதான் விடுவார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். உலகத்தில் ஏழைபாழைகள் எல்லாரும் பத்திரப்படுத்த வேண்டியதை இடுப்பில்தான் வைக்கிறார்கள், சேலையானாலும் சரி, கைலியானாலும் சரி. உனக்குப் பயமாக இருக்கிற நாளில் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிடு. நான் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று என்னோடு இன்னொருத்தியை நிறுத்தியிருப்பார்கள். எவ்வளவு பார்த்தும் ஒரு நாள் தப்பு நடந்துவிட்டால், நடந்ததை நடந்தபடி எழுது. படகில் சோற்றுப் பானைக்குள் பார்க்க நேர்ந்தாலும் மற்றவர்களின் சோற்றைக் கொட்டித் தேடாதே, அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பானையில் போடு.

இப்போது உன் பதிலுக்கு வருகிறேன். நீ கரையில் இருக்க வேண்டும் என்றுதான் இந்த நிமிஷமும் ஆசைப்படுகிறேன். பிரசவத்துக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும், ராத்திரி நான் தூங்க வேண்டும். அதற்கு என் பயம் மட்டும்தான் காரணம், உன்னிடம் உள்ள எந்தக் குறையும் இல்லை. நீ கரையில் இருந்தால் இதற்காக இரு: உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, உன் அம்மா கோழை. நீ லாயக்கில்லை என்பதற்காக இருக்காதே, அது உன் அம்மா ரயில் கிளம்பும் நேரத்தில் சொன்ன பொய். நீ ஏறாவிட்டால் உன் இடத்தில் வேறொருவர் முதலில் ஏறுவார். அவர் உன்னைப் போல இருக்கலாம், என்னைப் போலவும் இருக்கலாம். அன்று என் கையில் லத்திதான் இருந்தது. அவர் கையில் இருக்கப்போவது துப்பாக்கி.

நீ அந்த வேலைக்குச் சரியான ஆள். இதைச் சொல்லச் சொல்லித்தான் நீ ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய், இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தட்டாதே. இதைப் படித்ததும் எனக்கு போன் செய்யாதே. என் குரலைக் கேட்டால் நீ இரங்கிவிடுவாய், உன் குரலைக் கேட்டால் நான் போகாதே என்று கெஞ்சிவிடுவேன். இவ்வளவு எழுதியதும் வீணாகிவிடும். வினோதாவிடம் பேசு. அங்கே உன்னைக் கேட்ட அதிகாரியிடம் போய் உன் பதிலைச் சொல். சொல்லி முடித்த பிறகு எனக்குக் கூப்பிடு. அது எதுவாக இருந்தாலும் அழுதுவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா
நாகல் நகர், திண்டுக்கல்